பல்லாத்தா

என் அம்மாவுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. வயதாகி விழுந்தவை அல்ல. 1971ஆம் வருஷம் ஆடி மாதம், எங்கள் ஊர்க் கோயில் வாசலில் அவளை உட்கார வைத்து, ஆணி பிடுங்குகிற குறட்டால் பிடுங்கினார்கள். அப்போது அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்குப் பதினொன்று.

காரணத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பக்கத்து வீட்டு அப்புசாமியின் கைக்குழந்தைக்கு ஜன்னி கண்டது. அம்மா வசம்பைச் சுட்டு, கல்லில் உரைத்து, குழந்தையின் நாக்கில் தடவினாள். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் செய்துவந்த வைத்தியம்தான் அது. மறுநாள் குழந்தை போய்விட்டது. அந்த வருஷம் மழை இல்லை. இரண்டு வீட்டில் மாடு செத்திருந்தது. லாரி கவிழ்ந்து அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 'புருசனையே முழுங்கினவ' என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மூன்றே நாளில் அம்மா சூனியக்காரி ஆகிவிட்டாள்.

முன்பல் போனால் மந்திரம் வாயில் சரியாக வராது, சரியாக வராத மந்திரம் பலிக்காது என்பது ஊர் நம்பிக்கை. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். வெளியாள் கை படக்கூடாது, பட்டால் பாவம் அவனைச் சேரும். அந்த வீட்டு ஆண்பிள்ளைதான் பிடுங்க வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண்பிள்ளை கருப்பண்ணன், அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவருக்கு இருபத்தொரு வயது. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவர் தாயில்லாத எட்டு வயதுப் பையன். அம்மாதான் தலை வாரி, சோறு பிசைந்து கொடுத்து, மல்லசமுத்திரம் பள்ளிக்கூடத்துக்கு எட்டாவது வரைக்கும் அனுப்பி வைத்தாள்.

குறட்டை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அழுதார். அழுதுகொண்டே பிடுங்கினார். பாவம், அழுதானே என்று பின்னால் பல பேர் என்னிடம் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அழுதபோது அவர் கையில் கொஞ்சமாவது பலம் குறைந்திருந்தால் நானும் பரிந்து பேசியிருப்பேன்.

எல்லாம் முடிந்ததும் அம்மா எழுந்து நின்று, வாயில் ரத்தத்தோடு, கையை நீட்டி ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஒருத்தன் சிரித்தான்.

அன்றைக்கே ஊரை விட்டுக் கிளம்பி இளம்பிள்ளைக்கு வந்து சேர்ந்தோம். தறிக்காரர்கள் வீட்டில் அம்மாவுக்குத் தார் சுற்றுகிற வேலை கிடைத்தது. தறி நாடாவுக்கு ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிற வேலை, யாரோடும் பேச வேண்டியதில்லை. பேச நேர்ந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். வெளியாட்களுக்கு அது வெட்கம் மாதிரித் தெரியும். 'உங்கம்மா ரொம்ப அடக்கமுங்க டீச்சர்' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் டீச்சர் ஆன கதை சின்னது. எனக்குப் படம் நன்றாக வந்தது. மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தேன். சுடுமண் சிற்பம்தான் என் பாடம். 1982இல் எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்தது. மறு வருஷம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வாத்தியார்களை வீடு வீடாக அனுப்பினார்கள். வெயிலில் வந்த டீச்சருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தால் பெண்கள் எதையும் பேசுவார்கள். அப்படித்தான் ஒரு வீட்டில் ஜலகண்டாபுரம் பக்கத்து ராமாயியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவளுக்கும் பல்லைத் தட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவள் சோறு தின்ன மறுத்துச் செத்துப் போனாள். ஒன்று தெரிந்ததும் தேட ஆரம்பித்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஆராயி, மொட்டை அடித்துத் துரத்தப்பட்டுக் கிணற்றில் கிடந்தவள். செல்லாயி, அவளை அடித்தது அவள் பெற்ற மகன். ஒரு வருஷத்தில் ஆறு பேர் கிடைத்தார்கள். ஆறு பேரும் செத்துப்போனவர்கள். அம்மாவோடு சேர்த்தால் ஏழு.

ஏழு என்று கணக்கு வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். படித்த திமிர், தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு வெளியே, மல்லசமுத்திரம் ரோட்டை ஒட்டி அப்பாவின் பங்கு நிலம் அரை ஏக்கர் கிடந்தது. சூனியக்காரி காடு என்று யாரும் அதில் கலப்பை வைக்கவில்லை. ஆடுகூட மேய்க்கவில்லை. அங்கே ஏழு பெண்களைச் சுடுமண்ணில் செய்து, ரோட்டைப் பார்க்க உட்கார வைப்பதென்று முடிவு செய்தேன். இடுப்பு உயரத்தில், முட்டியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற உருவங்கள். ஏழு பேரும் வாயைத் திறந்து சிரிக்க வேண்டும். வாய் நிறையப் பல் இருக்க வேண்டும். ஊர் பிடுங்கியதை நான் திருப்பி வைக்கிறேன், இதுதான் என் எண்ணம். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு மண்பலகையில் பெயர், ஊர், வருஷம், கீழே ஒரே ஒரு வரி: 'இவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.' போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கட்டும், எங்கள் ஊர் வெட்கப்படட்டும் என்று நினைத்தேன். அந்த வரியை எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் வாய்விட்டுப் படித்து நான் கேட்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கோயில்களுக்கு மண்குதிரை செய்கிற ரங்கனின் சூளையில்தான் எல்லாம் நடந்தது. உருவத்தை நான் வனைந்தேன், சூளை வைத்தது அவர்.

"ஏழுங்களா டீச்சர்? கன்னிமாருக்குங்களா?" என்று முதல் நாளே கேட்டார்.

"சாமி இல்லீங்க ரங்கண்ணா. இவங்கெல்லாம் பொம்பளைங்க. நம்மள மாதிரி."

"பொம்பளைக்கு எதுக்குங்க இத்தன பல்லு?" என்று சிரித்தார்.

சூளை பிரித்தபோது ஒரு உருவத்துக்குக் காது உடைந்திருந்தது. ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "பின்னமான உருவுக்குப் பூசை ஆகாதுங்க டீச்சர். மூக்கு, காது, பல்லு, எது போனாலும் ஆகாது. அப்பறம் அது வெறும் மண்ணுங்க. கொண்டுபோயி எல்லையில போட்டுருவாங்க."

"நான் பூசைக்கு வெக்கலீங்களே."

"நீங்க வெக்கலீங்க. கும்புடறவன் கும்புட்டுருவான்" என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒன்று வனைய வைத்து, அதையும் சுட்டுக் கொடுத்தார்.

அம்மாவிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். கேட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள்.

"என்னையுமா வெச்சிருக்கே?"

"ஆமாம்மா. நடுவுல நீதான்."

"பல்லு வெச்சியா?"

"வரிசையா, முத்து முத்தா வெச்சிருக்கேன்."

"வரிசையாவா?" அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு முன்பல்லு நடுவுல ஒரு சந்து இருந்துச்சு கண்ணு."

எனக்கு அது நினைவில்லை. பெற்ற தாயின் பல்லை மறந்துவிட்டு ஊரை ஞாபகப்படுத்தப் புறப்பட்டிருக்கிறேன்.

1986 தை மாதம் ஏழு பேரையும் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் மெட்ராஸிலிருந்து வந்தார்கள். அம்மா வரவில்லை, தார் சுற்ற வேண்டும் என்றாள். எங்கள் ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் ரோட்டைத் தாண்டவில்லை. சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கோயில் பூசாரியாகிவிட்டார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். நான் அவரைப் பார்த்ததும் அவர் தலை குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார், வேலை பலித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு இளம்பிள்ளைக்குத் திரும்பினேன்.

அப்புறம் முழுப் பரீட்சை, திருத்தல், அது இது என்று நாலு மாதம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். எங்கள் ஊருக்கு ஒரு மைல் முன்னால் கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"பல்லாத்தா கோயிலு! பல்லாத்தா கோயிலெல்லாம் எறங்குங்க!"

எனக்குத் தெரியாமல் இங்கே எப்போது கோயில் வந்தது என்று யோசித்தேன். என்னோடு பதினைந்து பேர் இறங்கினார்கள். இறங்கிய இடம் எங்கள் காடு.

ஏழு பேருக்கும் மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். முகமெல்லாம் மஞ்சள், நெற்றி கொள்ளாத குங்குமம், இடுப்பில் சிவப்புத் துணி. நடுவிலிருந்த அம்மாவுக்கு மட்டும் எலுமிச்சை மாலை, முன்னால் வேல். நான் சிரிப்பதற்கென்று வைத்த பற்களின் ஓரத்தில் யாரோ சிவப்புச் சாயம் தீற்றியிருந்தார்கள். சிரிப்பு போய்விட்டது, கடிக்க வருகிற வாயாக இருந்தது. ஓரத்து வேப்பமரத்தில் பூட்டுப் பூட்டாகத் தொங்கியது. பூட்டோடு சீட்டும் கட்டியிருந்தார்கள். ஒன்றைப் பிரித்துப் படித்தேன். 'என்ற ஓர்ப்படியா வாய் அடைஞ்சு போகோணும்.' இன்னொன்றில் ஓர் ஆளின் பெயரை எழுதி, அவனுக்குக் கை கால் விளங்காமல் போகவேண்டும் என்று கேட்டிருந்தது.

இந்தப் பெண்கள் எதைச் செய்யவில்லை செய்யவில்லை என்று கதறினார்களோ, அதையே செய்து கொடு என்று இப்போது அவர்களிடம் கேட்கிறார்கள். பெயர்ப்பலகை எழுத்துக்குள்ளெல்லாம் மஞ்சள் அப்பி இறுகிக் கிடந்தது. ஒருத்தரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

மஞ்சள் வேட்டியோடு சித்தப்பா கற்பூரத் தட்டை ஏந்தி வந்தார். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்முணி, வா சாமி. எப்ப வந்தே?"

"என்ன சித்தப்பா இது?"

"நீதானே சாமி வெச்சே? வெச்சுப்போட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. ஏழு கன்னிமாரு, வெயில்ல கெடந்தா ஊருக்கு ஆகுமா? பூசை பண்ண ஆரு இருக்கறா?"

"கன்னிமார் இல்லை, யாருன்னு பலகையில பேரோட எழுதியிருக்கு. நீங்க படிச்சவருதானே?"

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தணித்துச் சொன்னார். நான் உருவங்களை வைத்துவிட்டுப் போன எட்டாம் நாள் அப்புசாமியின் பேரனுக்கு ஜன்னி கண்டதாம். 'பதினஞ்சு வருசம் கழிச்சு வந்து உக்காந்துட்டா, மறுக்காவும் புடிச்சுட்டா' என்று ஊர் அலறியதாம். இவர்தான் குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, விழுந்து கும்பிட்டிருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

"அவ புடிச்ச புள்ளைய அவளே உட்டுப்போட்டா சாமி. நல்ல ஆத்மா. எந்த ஊருல செத்தாளோ, எப்படிச் செத்தாளோ, கோவம் தணிஞ்சு போச்சு."

"சித்தப்பா, அம்மா சாகலை. இளம்பிள்ளையில தார் சுத்திக்கிட்டு இருக்குது."

அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கறவளுக்கு உரு வெப்பாங்களா? ஏன் அம்முணி இப்படிப் பண்ணினே?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே. கும்புட்டுக்கிட்டு இருக்கறாங்க. கும்புடட்டும்" என்றார்.

ஊர் வெட்கப்படவில்லை. ஊர் பயந்தது, அவ்வளவுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பயந்து பல்லைப் பிடுங்கினார்கள், இப்போது பயந்து மஞ்சள் பூசுகிறார்கள். அம்மாதான் அந்தக் குழந்தையைக் கொன்றாள் என்பதில் ஒருத்தருக்கும் இன்னும் சந்தேகமில்லை. அதற்கு நானே ஆதாரம் செய்து, பல் வைத்து, ரோட்டோரத்தில் நிறுத்தியிருக்கிறேன். குரங்கு பிடிக்கப் பிள்ளையாரானால் சிரித்துவிட்டாவது போகலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதுதான் என் கதை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சத்தம் போட்டு அழுதேன். போலீசுக்குப் போகிறேன், கடப்பாரை எடுத்துக்கொண்டு போய் உடைத்துப் போடுகிறேன் என்று கத்தினேன். அம்மா நான் கத்தி முடிக்கும்வரை நூலை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட என்ன கேக்கறாங்க?" என்றாள்.

"கெட்டதுதான். ஒருத்தி வாய் அடையணுமாம். ஒருத்தன் கை கால் முடங்கணுமாம்."

ராட்டை நின்றது. வேலை நேரத்தில் அம்மா ராட்டையை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்ப, இன்னமும் நாந்தான் பண்றேங்கறாங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றாள். பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தானை வாயில் இருந்தது. "பல்லாத்தா கோயிலு" என்று கண்டக்டர் கத்தியபோது மட்டும் என் கையைப் பிடித்தாள்.

அன்றைக்கு நூறு பேருக்குக் குறையாத கூட்டம். முதலில் யாருக்கும் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. வயதான பெண் ஒருத்தி தெரிந்துகொண்டு, "அய்யோ, சென்னியம்மா" என்று பின்வாங்கினாள். அம்மாவின் பெயர் கூட்டத்தில் பரவியது. வழி தானாக விலகியது. ஒருத்தி மடியிலிருந்து எலுமிச்சையை எடுத்து அம்மா காலடியில் வைத்துவிட்டு ஓடினாள். அம்மா அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

சித்தப்பா ஓடிவந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். "நங்கையா, நங்கையா" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"எந்திரி சாமி" என்றாள் அம்மா.

அம்மா தன் உருவத்துக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையால் அதன் முகத்து மஞ்சளைத் துடைத்தாள். அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. மஞ்சளுக்கு அடியிலிருந்து நான் செய்த முகம் வந்தது. முந்தானை கையிலிருந்ததால் அம்மாவின் வாய் திறந்து தெரிந்தது. அதை மூட வேண்டும் என்று அவளுக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. நான் இப்படிச் சிரிச்சதே இல்ல" என்றாள் என்னிடம். பிறகு பலகையைக் காட்டி, "கருப்பண்ணா, நீ படிச்சவன். இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சத்தமாப் படி" என்றாள்.

அவர் மண்டியிட்டு, எழுத்தில் இறுகிய மஞ்சளை விரலால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். எட்டாவது படித்தவருக்கு அந்த ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"சென்னியம்மாள்" என்று தொடங்கினார். வருஷத்தைப் படித்தார். அப்புறம், "இவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை" என்றார்.

நான் ஒரு வருஷம் மண்ணைப் பிசைந்தது இதைக் கேட்கத்தான். கேட்டுவிட்டேன். அடுத்த நொடி கூட்டத்தில் யாரோ, "ஆத்தா கெடுதல் பண்ண மாட்டா! ஆத்தா நம்மள காப்பாத்துவா!" என்று கத்தினார்கள். நூறு பேரும் கைகூப்பினார்கள். கற்பூரம் ஏற்றப்பட்டது. ஒருத்தி சாமி வந்து ஆடத் தொடங்கினாள். எழுதி வைத்தாலும் படித்துக் காட்டினாலும் அவர்கள் காதில் ஏறாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்கு எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அவள் குனிந்து கீழே கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்தாள். சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"தட்டு."

"நங்கையா?"

"மேல் வரிசையில நடு ரெண்டு. உனக்குத்தான் தெரியுமே. தட்டு."

ஆடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். சித்தப்பா கல்லைப் பார்த்தார், உருவத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார், அடிக்குப் பயந்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"என்னால முடியாதுங்க நங்கையா. சாமி குத்தம் ஆயிரும். என்னால முடியாது."

"அன்னைக்கு முடிஞ்சுதே, சாமி" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. எட்டு வயதில் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தபோது எந்தக் குரலில் சாமி என்று கூப்பிட்டிருப்பாளோ, அதே குரலில் சொன்னாள். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அழுததைவிட இது வேறாக இருந்தது. இந்தத் தடவை கை எழவில்லை.

அம்மாவே கல்லை ஓங்கினாள். சுடுமண் பல், இரண்டு தட்டில் பெயர்ந்து விழுந்தது. அவள் குனிந்து இரண்டையும் பொறுக்கி, ஊதி, முந்தானையில் முடிந்தாள். உருவம் இப்போது அம்மாவைப் போலவே இருந்தது. அதுவரை இல்லை.

அம்மாவை அடையாளம் கண்ட அந்த வயதான பெண்தான் முதலில் பேசினாள். "பின்னமாயிருச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில், ஏழில் ஒன்று போனால் கன்னிமார் ஏது என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். மாலையைக் கழற்றினார்கள். ஒருத்தர் வேலைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். மரத்திலிருந்து பூட்டுகளைச் சாவியில்லாமல் இழுத்துப் பிய்த்தார்கள், தங்கள் சீட்டை மற்றவர்கள் படித்துவிடக் கூடாதே என்ற அவசரம். அரை மணி நேரத்தில் காட்டில் நாங்கள் மூன்று பேரும் ஏழு மண் பெண்களும்தான் இருந்தோம்.

கல் இன்னும் அம்மா கையில் இருந்தது. "மத்த ஆறு பேருதையும் தட்டிடலாமாம்மா? இல்லேன்னா மறுபடியும் வருவாங்க" என்றேன்.

"அவிய பல்லு அவியளுது. கேக்காம நான் எப்படித் தட்டறது?" என்று கல்லைக் கீழே போட்டாள். அம்மா என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

கிளம்பும்போது சித்தப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது, பந்தலுக்குள் போய் உட்கார் என்று அம்மா அவரிடம் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அம்மா முந்தானையைப் பழையபடி வாயில் வைத்துக்கொண்டாள். இனிமேல் மூடமாட்டாள் என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்திருந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "பல்லாத்தாளைக் கும்புட்டீங்களா?" என்றார். நான் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இளம்பிள்ளை நெருங்கும்போது அம்மா முடிச்சை அவிழ்த்து, அந்த இரண்டு பல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். பிறகு நடுவில் கொஞ்சம் சந்து விட்டு வைத்தாள்.

"நான் செத்தா இத வாயில வெச்சு அனுப்பு கண்ணு" என்றாள். "கொண்டுவந்ததைக் கொண்டுபோகோணும். அன்னைக்கே கை நீட்டி அதைத்தான் கேட்டேன். என்ற பல்லைக் குடுங்கன்னுதான் கேட்டேன். ஒருத்தரும் குடுக்கல."